செல்வி சொன்ன படங்கள்

நல்ல கத்தரிக்கோலால் துணியைத் தவிர வேறு எதையும் வெட்டக்கூடாது, ஐயா. காகிதம் வெட்டினாலே கூர் மழுங்கிவிடும். என்னுடையதைப் பதினாறு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

என் பெயர் ஜெபமாலையம்மாள். ஊர் ஆவூர். புருஷன் இல்லை. கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் வேலை. விராலிமலைத் தையற்கடைகளில் விழுகிற வெட்டுத்துணியை மூட்டையாக வாங்கி வந்து, ஒட்டுப்போர்வை தைப்போம். உள்ளே பழைய வேட்டி இரண்டு மடிப்பு, மேலே துண்டுகளால் ஆன படம், எல்லாவற்றையும் பிடித்து ஒரே சீராக நூலோட்டம். வளைவான துண்டைத் துணியின் மூலைவாட்டில் வெட்டினால்தான் சுருக்கம் விழாது. இதெல்லாம் என் கைக்கு வரும். என்ன படம் என்பது மட்டும் வராது. நான் வைத்தால் சிலுவை, ரோஜாப்பூ, மறுபடியும் சிலுவை.

மரிய செல்விக்கு வரும். பக்கத்து வீட்டுப் பெண். தையல் படுமோசம், அவள் போட்ட முடிச்சு மறுநாளே அவிழும். ஆனால் விராலிமலை மயிலை நீலமே இல்லாமல், சாம்பலும் புளியங்கொட்டை நிறமுமாக அடுக்கினாள். பார்த்தவர்கள் நீல மயில் என்றார்கள். குடுமியான்மலைப் பாறையில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் பார்த்துவிட்டு வந்து, "அது எழுத்தில்லக்கா, மழை. சாய்ச்சு சாய்ச்சுத் தைங்க" என்றாள். தைத்தேன். அந்த வாரம் முழுக்க விரல் நுனி அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்தது என்ன என்று கேட்கக் காலையில் முகம்கூடக் கழுவாமல் அவள் வீட்டுக்குப் போய் நிற்பேன்.

ஐம்பத்தேழில் அவள் அண்ணன் தைரியநாதன் பொன்மலையில் மாப்பிள்ளை பார்த்தான். தை மாதம் கல்யாணம்.

"அங்கிட்டுப் போனா இதுக்கெல்லாம் நேரம் இருக்காதுக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

கார்த்திகையில் அவளுக்குக் கண்வலி வந்தது. நந்தியாவட்டைப் பூச்சாறு விடுவது வழக்கம். நான்தான் விட்டேன். முதல் இரண்டு நாளும் பூச்சாறு மட்டும்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வேலிக்குப் போய்க் கள்ளியை ஒடித்தேன். ஒரு கண் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் போனால் கேள்வி வரும்.

கண்வலியில் இரண்டு கண்ணும் போனது என்று ஊர் நம்பியது. கல்யாணம் நின்றது. செல்வியை என் வீட்டுக்கே அழைத்துக்கொண்டேன். தலை வாரிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன். ஊரில் என்னைப் புண்ணியவதி என்றார்கள். நான் மறுக்கவில்லை. கண் போன பிறகு அவள் சொன்ன படங்கள் முன்னைவிட நன்றாக வந்தன. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. துணியைத் தடவிப் பார்த்து, "இது வெயில் குடிச்ச செவப்பு, இங்க வேணாம்" என்பாள். சரியாக இருக்கும். நான்கு வருடத்தில் பதினொரு போர்வை.

போன ஆடியில் பன்னிரண்டாவதுக்குத் துணியை விரித்தேன். அவள் தொடவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க ஊத்துனது பிசுபிசுன்னு இருந்துச்சு. பூச்சாறு அப்படி ஒட்டாது."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும். சொன்னா ஒங்களக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் எனக்கு யாரு தைப்பா?" முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இப்பச் சொல்லலாம். பாத்து வச்சதெல்லாம் தீந்துபோச்சுக்கா. இனிப் புதுசா எங்க போயிப் பாப்பேன்?"

அதன்பின் மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். யாரும் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்து வரவில்லை, ஐயா. நானே வந்தேன். கள்ளிப்பாலை ஊற்றியது நான்தான்.

தீர்ந்தெல்லாம் போயிருக்காது. என்மேல் உள்ள கோபத்தில் சொல்கிறாள். நான் ஒப்புக்கொண்டேன் என்று தெரிந்தால் மனசு இளகிவிடும். சீக்கிரம் எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே அவள் ஒரு படம் சொல்லிவிடுவாள்.