இவ கைக்குப் பழகின பட்டன்

...அதைத்தான் சார் நானும் கேக்கறேன், ஒரு பட்டன் இடம் மாறினா ஒரு மனுஷி வீட்டை விட்டே கிளம்பிடுவாளா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க... ஆங், போதும்.

என் வீட்டுக்காரிக்குப் போட்டோ திருத்தற வேலை சார். ஸ்டூடியோக்காரங்க எடுத்து அனுப்புவாங்க, இவ கம்ப்யூட்டர்ல நிறம், வெளிச்சமெல்லாம் சரி பண்ணிக் குடுப்பா. நாள் பூரா மௌஸைப் பிடிச்சுப் பிடிச்சு வலது மணிக்கட்டு வீங்கிப் போச்சு. டம்ளரைத் தூக்க முடியல. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? பழைய போன் ஒண்ணுல ஒரு ஆப் எழுதிக் குடுத்தேன். ஆறே பட்டன். எது என்ன செய்யணும்னு நாமளே வெச்சுக்கலாம். இடது கையால போனைத் தொட்டா போதும், கம்ப்யூட்டர்ல வேலை நடக்கும். ஒரே மாசத்துல வீக்கம் வடிஞ்சிடுச்சு. அன்னிக்கு அவ சிரிச்சா பாருங்க... அதோட நான் நிறுத்தியிருக்கணும்.

எங்க நிறுத்தினேன். எல்லாரும் பயன்படுத்தட்டும்னு வெளியிட்டேன், வம்பை விலை குடுத்து வாங்கினேன். வீடியோ வெட்டறவர் ஒருத்தர் நாப்பது பட்டன் கேட்டார். படம் வரையற பொண்ணு கலர் சக்கரம் கேட்டுச்சு. இன்னொருத்தர், எதையாவது அழிக்கறதுக்கு முன்னாடி ஆப் 'நிச்சயமா அழிக்கவா'ன்னு கேக்கறது தொந்தரவா இருக்கு, எடுத்துடுங்கன்னார். எடுத்துட்டேன். ஒரு வருஷம் சார், வாரம் தவறாம அப்டேட். யார் எழுதினாலும் பத்து நிமிஷத்துல பதில். இவ மட்டும், 'என்னோடதை அப்படியே விட்டுடுங்க'ன்னு மூணு தடவை சொன்னா. தலையை ஆட்டினேன், காதுல வாங்கல.

அவ போன்ல அப்டேட்டையே நிறுத்தி வெச்சிருந்தா. எழுதினவன் வீட்லயே பழசு ஓடுதுன்னா எனக்கு எப்படி இருக்கும்? முந்தாநாள் அவ குளிக்கப் போன நேரம் பாத்து நானே புதுசை ஏத்திட்டேன்.

அவ போனைப் பாக்கவே மாட்டா சார், அதான் விஷயம். கண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கும், கை தானா போகும். ஓரத்துப் பட்டன் சேமிக்கறது. புதுசுல அந்த இடத்துல, எல்லாத்தையும் பழையபடி ஆக்கற பட்டனை வெச்சிருந்தேன். பாக்க எடுப்பா இருந்துச்சு. பச்சைக் குழந்தை போட்டோ அறுபது, எல்லாத்தையும் முடிச்சுட்டு ஓரத்தை அமுக்கிட்டுத் தண்ணி குடிக்கப் போயிருக்கா. அந்த 'அழிக்கவா'வைத்தான் நான் எடுத்துட்டேனே, ஒரு வார்த்தை கேக்காம செஞ்சதெல்லாம் போயிடுச்சு; வந்து பாத்தா, ஸ்டூடியோக்காரர் அனுப்பினபடியே இருக்கு.

திட்டியிருந்தா பரவால்ல. நேத்து முழுக்க மௌஸைப் பிடிச்சே அறுபதையும் மறுபடி செஞ்சு அனுப்பினா. சாயந்தரம் கை பழையபடி வீங்கிடுச்சு. 'அக்கா வீட்டுக்குப் போறேன்'னு கிளம்பிட்டா. அந்தப் போனை மட்டும் மேஜை மேலயே வெச்சுட்டுப் போயிட்டா.

அதைத்தான் கொண்டு போறேன். இதோ பாருங்க, பழைய ஆப்பையே போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான் சார், மறைக்கல. அவ கை வலிக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சவன் நான். நானே வலிக்க வெச்சுட்டேன். நெனச்சா சங்கடமா இருக்கு.

ஒரே ஒரு பட்டன் மட்டும் புதுசா சேத்திருக்கேன். அமுக்கினா 'மன்னிச்சுக்கோ'ன்னு என் குரல்ல வரும்... ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? இல்ல, மத்தது எல்லாம் அதே இடம்தான்... இடம் பத்தலைன்னு ரெண்டை மட்டும் லேசா நகத்தினேன்...

சரி. சரி சார். எடுத்துடறேன். அடுத்த ஸ்டாப்ல இறங்கணும், அதுக்குள்ள எடுத்துடறேன். மன்னிப்பை நானே வாயால கேட்டுக்கறேன். இந்தக் குடையைக் கொஞ்சம் பிடிங்க... நான் எடுத்து முடிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க சார். விட்டா வேற எதையாவது சேத்துடுவேன்.