நன்றாகப் பிழிந்த துணி

லேமினேட் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, சார். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே தலைமுடி அளவுக்கு ஓர் இணைப்பு இருக்கும். அதில் ஈரம் இறங்கினால் ஓரம் உப்பிவிடும். உப்பினது உப்பினதுதான்.

வீட்டில் இரண்டு பூனைகள். கொழுத்தவன் மேனேஜர், அவன் வாலைப் பிடித்துக்கொண்டே திரிகிறவன் பியூன். ரோமத்தைத் தினமும் கூட்டினால் போதும். சிறுநீர் என்றால் முதலில் காகிதத்தால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு நன்றாகப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி. இதற்குப் பூனைகள் ஒத்துழைத்தன. மச்சான்தான் ஒத்துழைக்கவில்லை.

என் மனைவியின் அண்ணன். ஒரு வாரம் என்று வந்து மூன்று மாதம் இருந்தார். சும்மா சாப்பிடக் கூச்சமாக இருக்கிறதென்று வீடு துடைக்க ஆரம்பித்தார். தங்கமான மனிதர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாளியோடு வருவார்.

எதையும் மூன்று முறை மரியாதையாகச் சொல்வது என் பழக்கம். அதற்குமேல் நான் பேசுவதில்லை.

"மச்சான், துணியைப் பிழிஞ்சு துடைங்க."

"போங்க மாப்ள. பூனை ஊத்துனா வாயைத் திறக்க மாட்டீங்க, நான் ஊத்துனா மட்டும் ஓடி வந்துடுறீங்க."

அது இரண்டாவது முறை. மூன்றாவது முறை சொன்னது சனிக்கிழமை மதியம். சிரித்துக்கொண்டே முழு வாளியையும் கவிழ்த்தார். ஜன்னலோரம் மூன்று பலகைகள் என் கண்ணெதிரே மெல்ல எழும்பின.

பலகைகளைத் தட்டிச் சேர்க்க வாங்கிய ரப்பர் சுத்தியல் அலமாரியில் இருந்தது. இரும்பு என்றால் கைதவறி விழும்போது தரையில் கீறல் விழும். முதல் அடியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, உங்க நெஞ்சுல ஈரமே இல்லையா?"

நியாயமான கேள்வி. இல்லை, அதனால்தான் உப்பாமல் இருக்கிறது என்றேன். பிறகு ஆறேழு அடி இருக்கும். மண்டை நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் உள்வாங்கியது. ரத்தத்தையும் ஒற்றித்தான் எடுத்தேன், தேய்க்கவில்லை. மேனேஜர் பாதம் நனையாமல் சுவரோரமாகச் சுற்றிப் போனான். அவனுக்கு இருந்த பொறுப்பு அவருக்கு இருந்திருக்கலாம்.

மாலையில் மனைவி வேலை முடிந்து வந்தாள். தரை பளிச்சென்று இருந்தது. அவரைத்தான் இன்னும் அப்புறப்படுத்தியிருக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு அழுதாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாக, சரியாக இணைப்பின் மேல்.

நான் கோபக்காரன் இல்லை, சார். அழாதே என்று மரியாதையாகத்தான் சொன்னேன், மூன்று முறை.