கத்தி கழுத்துக்கு வந்தால்

பஸ்களை அரசாங்கம் எடுத்த புதிது. தம்புள்ளை பஸ்ஸில் எனக்கு முன்னால் முக்காடு போட்ட இரண்டு பெண்கள் இருந்தார்கள். அலுவிகாரை தாண்டியதும் இளையவள் சொன்னாள்:

“சவரக்கத்தியால கன்னம் வழிக்கக்குள்ள சும்மா ஈக்கிறார் மதினி. கத்தி கழுத்துக்கு வந்தா, சாகப்போற ஆள் மாதிரி கலிமா ஓதுறார்.”

“ஆரு, என்ட தம்பியா?”

“உங்கட தம்பிதான். மிளகு பறிக்க ஏறி உழுந்து கை முறிஞ்ச நாள்லேந்து நான்தானே வழிச்சி உடுறேன். கத்தி புடிச்சிப் பழகினதே இப்பதான். ஆனா ஒரு கீறல் இல்ல. இப்ப, தாடி வளரட்டும், கிட்ட வராத எண்டுறார். என்ன நம்பல்லையே மதினி.”

“கத்திய வெக்கக்குள்ள நீ என்ன சொல்ற?”

“என்ன வேல தொடங்கினாலும் சொல்றதுதான். பிஸ்மில்லாஹ்.”

மூத்தவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடியே, பிஸ்மி சொல்லிக் கழுத்துல கத்தி வெக்கிறது கோழி அறுக்கக்குள்ள இல்லையா!”

இளையவள் சிரிக்கவில்லை.

“அப்ப பிஸ்மி சொல்லாம எப்படி மதினி கத்திய எடுக்கிற?”

மூத்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது.