வியூஃபைண்டரின் ஓரத்து இருட்டு

தாழ்வுபாட்டிலிருந்து மன்னார் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவர் மூக்குக்கண்ணாடியோடு ஒரு சின்ன வியூஃபைண்டரைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். அகல லென்சில் எடுக்கும் படத்துக்குள் எதுவரை விழும் என்று பார்க்கக் கமராவின் மேல் பூட்டுவது அது.

“இதிலயும் ஓரமெல்லாம் இருட்டாக் கிடக்கு. கண்ணாடி போடுற ஆக்களுக்கு இன்னும் பெரிசா வேணும். கடையில மாத்துவம்.”

“இது மூண்டாவதெல்லே? கண்ணாடியைக் கழட்டிப் பாருங்கோ,” என்றார் பக்கத்தில் இருந்த மனைவி.

கழற்றினார். “அப்பவும் இருட்டுத்தான்.”

“மற்றக் கண்ணால?”

மாற்றி வைத்தார்.

“நாலு ஓரமும் வடிவாத் தெரியுது.”

வியூஃபைண்டரை மெல்ல மடியில் இறக்கி வைத்தார்.

“அப்பாவுக்கும் ஓரத்திலயிருந்துதான் பார்வை போகத் தொடங்கினது,” என்றார்.

“கடைக்கு வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“பயமாக் கிடக்கு.”

“எனக்கும்தான்,” என்று மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னார் வந்திட்டுது. இறங்குவம், வாங்கோ.”