சுட்ட தோட்டாக்கூடு

பவானிபூரில் பெஹாலா பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். "சுட்ட தோட்டாக்கூட்டை மறுபடியும் சுடலாம் மன்னி" என்றாள் இளையவள். என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"அது வேற யாரோ துப்பாக்கியில சுட்டதுன்னியே?"

"ஆமா. சுட்டதும் பித்தளை உப்பிடும். என் ரைஃபிளுக்குள்ள போகாது. அச்சுல வெச்சு அமுக்கினா என் அளவுக்கு வந்துடும். அப்புறம் புது மருந்தும் குண்டும் அடைச்சுக்கலாம். எங்க ரைஃபிள் க்ளப்புல லைசென்ஸோட பண்றா. நானும் கத்துக்கறேன்னேன். செக்ரட்டரி சிரிச்சார். 'தீதி, இது ஆம்பளை வேலை. நீங்க டீ குடிங்கோ'ன்னார்."

"நீ என்ன பண்ணினே?"

"டீயைக் குடிச்சுட்டு அச்சுகிட்ட போய் உட்கார்ந்தேன். முதல் மூணு நசுங்கிடுத்து. எல்லாரும் பார்த்துண்டே இருந்தா. நாலாவது என் ரைஃபிளுக்குள்ள அப்படியே போய் உட்கார்ந்தது."

"அப்போ செக்ரட்டரி என்ன சொன்னார்?"

"அப்பவும் விடலை. துப்பாக்கி சுடற போட்டி லிஸ்ட்ல உங்க பேரே இல்லையேன்னார். அவர் பேனாவை வாங்கி நானே எழுதிட்டேன்."

"ஐயையோ! என்னன்னு எழுதினே?"

"முழுப் பேரையும் எழுதினேன் மன்னி. பெங்காலியில, பெரிசா. படிக்கத் தெரியலைன்னு அவர் சொல்ல முடியாதே!"