அம்மா கேட்ட இரண்டாவது துண்டு

மீனை ஆவியில் வைத்த பிறகு மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாதாம். தம்பி அப்படித்தான் சொன்னான். அவன் கப்பலில் சமையல்காரன். கூட வேலை செய்த தாய்லாந்துக்காரரிடம் கற்றுக்கொண்ட பக்குவம். நான் மறுபேச்சுப் பேசவில்லை. பக்கத்தில் நின்று பூண்டு உரித்துக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி வேர் எல்லாவற்றையும் சின்னக் கல்லுரலில் இடித்தான். எலுமிச்சைப்புல்லை நசுக்கி மீனின் வயிற்றில் திணித்தான். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்றினான். நல்ல கைமணம். இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

அம்மா நான்கு வருடமாகப் படுக்கை. பட்டறை வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். கஞ்சியை வடிகட்டி ஊட்டுவேன். தூக்கத்துக்கு டாக்டர் அரை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நான் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு கரைத்துக் கொடுத்தேன். இல்லாவிட்டால் எழுந்து நடப்பாள், சின்னவனைக் கேட்பாள். படுத்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

தம்பி வந்த ஐந்தாம் நாள் மத்தியானம், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். "இன்னொரு துண்டு போடுப்பா," என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான் வைத்த கஞ்சியை ஒரு நாளும் அவள் முழுசாகக் குடித்ததில்லை.

"வந்த அன்னிக்கே மருந்து குடுக்கிற வேலையை நான் வாங்கிக்கிட்டேன்ல, அப்பவே அந்த மாத்திரையை நிறுத்திட்டேண்ணா," என்றான் தம்பி, மெதுவாக. "நீ எவ்வளவு குடுத்தேன்னு எனக்குத் தெரியும். சண்டை வேண்டாம். நாளைக்கு அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நான் போறேன்டா பெரியவனே," என்றாள். என்னைக் கேட்கவில்லை. சொன்னாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் குனிந்து அம்மாவின் தட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். உரலில் கிடந்த இடிகல்லை எடுத்தேன். முதல் அடி காதுக்கு மேலே. நாற்காலியோடு சாய்ந்தவன் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தான். மீன் தட்டு அவன் மார்பில் கவிழ்ந்தது. பிறகு ஐந்தோ ஆறோ. பட்டறையில் சம்மட்டி பிடித்த கை, அடி இடம் மாறி விழாது. மண்டை உள்வாங்கிய பிறகு சத்தம் வேறு மாதிரி வரும். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா அவன்மேல் விழுந்து அலறினாள். அவளைத் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தேன். முகத்திலிருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அதன் பிறகுதான் தலையணையை வைத்து அழுத்தினேன். நினைத்ததைவிட அவளிடம் பலம் இருந்தது. என் மணிக்கட்டில் இருக்கும் கீறல்கள் அவளுடைய நகம்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. சின்னவன் போன துக்கத்தை அந்த வயதில் அவள் எப்படித் தாங்குவாள்? பெற்றவளை அப்படித் தவிக்க விட எனக்கு மனம் வரவில்லை. கடைசி மூச்சு வரைக்கும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நான் ஒருத்தன்தான்.