மூன்று நாள் வெள்ளைக்கரு

உப்பில்லாத சோறு ஒரு மாதத்தில் பழகிவிடும், டாக்டர். முதல் வாரம் மண்ணைத் தின்பதுபோல இருக்கும். அப்புறம் கத்தரிக்காய்க்கே தனி ருசி உண்டு என்று தெரியவரும். அம்மா மூன்று வருடமாக எனக்கென்று தனிச் சட்டி வைத்து அப்படித்தான் ஆக்கிப் போடுகிறாள். இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. அதனால்தான் பஸ் ஏற்றி உங்களிடம் தருமபுரிக்கு அழைத்து வந்தாள்.

சிறுநீர் சுத்தமாக இருக்கிறதே, உனக்கு வியாதி என்று யார் சொன்னது என்று கேட்டீர்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று. சொல்கிறேன்.

என் அண்ணன் காளியப்பன் சித்தேரி மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எழுபத்து நாலில் அவனுக்கு முகமும் காலும் வீங்கின. ரயிலேறிப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, ரத்த உறவில் யாராவது ஒன்று கொடுத்தால் பிழைப்பான் என்றார்கள். அப்பாவின் ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. என்னுடையது பொருந்தியது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

"அதுக்கென்னங்க, குடுக்கும். அண்ணன்னா அதுக்கு உசுரு" என்று அப்பா பெரிய டாக்டரிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அண்ணன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். பொட்டப் பிள்ளைக்கு எதற்கு சைக்கிள் என்று ஊர் சிரித்தபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வார்டில் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்துவிட்டு ஒரு பெண் படுத்திருந்தாள். விலாவிலிருந்து வயிறு வரைக்கும் தையல். அதைப் பார்த்துவிட்டேன். பயம், டாக்டர். வெறும் பயம்தான். வேறு காரணம் எதையும் ஜோடித்துச் சொல்லப்போவதில்லை.

நான் தெம்பாக இருக்கவேண்டும் என்று அம்மா கூடையில் உமி பரப்பி நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுப்பார்கள். இடுப்பு பலப்படும் என்பார்கள். அந்த வைத்தியத்தையே அம்மா ஆஸ்பத்திரியிலும் ஆரம்பித்தாள். காலையில் ஒரு முட்டை.

பரிசோதனை அறையில் சவுரியப்பன் என்று ஒருவர் இருந்தார். நல்ல பேச்சுக்காரர். கண்ணாடிக் குழாயில் யாருடைய சிறுநீரையோ ஊற்றி விளக்கில் காட்டிக்கொண்டே எனக்கு விளக்கினார்.

"பாரும்மா, தெளிவா நின்னா நல்ல கிட்னி. இப்படி வெள்ளையா திரிஞ்சா கெட்டது. முட்டை வெள்ளைக்கரு வேகுமே, அதேதான்."

மறுநாள் அம்மா முட்டையை நீட்டியபோது, குமட்டுகிறது, குளியலறையில் வைத்துக் குடித்துக்கொள்கிறேன் என்றேன். மஞ்சள் கருவை விழுங்கினேன். வெள்ளையில் கொஞ்சத்தைச் சிறுநீர் பிடித்த பரிசோதனைச் சீசாவில் விட்டுக் குலுக்கினேன். நுரை அடங்கும்வரை நின்றிருந்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரிந்தது. சவுரியப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்கும் இன்னும் இரண்டு நாள் பார்த்துவிடலாம் என்றார்கள். அந்த இரண்டு நாளும் அம்மா தவறாமல் முட்டை கொடுத்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ராமக்கா, பயமா இருந்தா சொல்லிடு புள்ள. எனக்கு வேண்டாம்னு நானே அப்பாகிட்ட சொல்லிக்கறேன். உம்மேல ஒரு சொல்லு வராது."

"எனக்கென்ன பயம்? உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப்போறேன்" என்றேன்.

கொடுக்க மாட்டேன் என்று சொன்ன தங்கையாக அவன் ஒருவன் மனதில்கூட நான் இருக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் வெள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டேன்.

இவளுக்கும் அதே வியாதி ஆரம்பித்திருக்கலாம், உப்பைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஊருக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள், கொடுக்கத் துணிந்தாளே, பிறந்தால் இப்படி ஒரு தங்கை பிறக்கவேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் தீர்த்தமலைக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நான்தான் கூடப் போனேன். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தான். செருப்பு காலில் நுழையாததால் வெறுங்காலோடு ஏறினான். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலே பாறையிலிருந்து தீர்த்தம் கொட்டுகிறது. இரண்டு கையாலும் ஏந்தினான். ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்கவில்லை. அப்படியே என் தலையில் ஊற்றினான்.

யார் பெயருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார்.

"ராமக்காள்னு பண்ணுங்க சாமி. எனக்கு ஆவறது ஆவட்டும். அதோட நோவு தீந்தாப் போதும்."

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் தாங்குவான் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மாதம் மீதி இருந்தது. அரூர் பஸ் போய்விடுமே என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தை மாதம் செத்துப்போனான்.

வியாதி கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொல்கிறது. நான்தான் சாகவிட்டேன். இதைச் சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

நீங்கள் அம்மாவிடம் வியாதி போய்விட்டது என்று மட்டும் சொல்லுங்கள். மகன் மலையேறி வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று தீர்த்தமலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, டாக்டர். இல்லாத வியாதிதான் என்று தெரிந்தும், அந்தத் தண்ணீர் தலையில் பட்ட நாளிலிருந்துதான் எனக்கு உடம்பு தேறியது என்று சில சமயம் நானும் நினைக்கிறேன்.